ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகிறவள்

மான்மவுத் ஜங்ஷன்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து.

அன்பு மகள் ஆஃபீஃபாவுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, சர்க்கரையும் டாக்டர் திட்டாத அளவில்தான் இருக்கிறது. டெக்ஸஸ் காப்பெல்லில் நீயும் மாப்பிள்ளை பாசிலும் என் பேரன் உஸைரும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். போன் இருக்கும்போது இவர் ஏன் பேப்பரில் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் கூப்பிட்டால் நீ கார் ஓட்டிக்கொண்டிருக்கிறாய், ஸ்பீக்கரில் உஸைர் கேட்கிறான், நான் ஒரு விஷயத்தை ஆரம்பிப்பதற்குள் மீட்டிங் இருக்குத்தா, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாய். நான் சொல்ல வந்தது அவ்வளவு அவசரத்தில் அடங்காது. அதனால் இந்தப் பெட்டிக்குள் வைத்து அனுப்புகிறேன், பெட்டியைத் திறந்தால் படித்துத்தானே ஆக வேண்டும்.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டெக்ஸஸில் இல்லாத கடையா என்று சிரிக்காதே, கடை இருக்கிறது, நின்று பார்த்து வாங்கத்தான் உனக்கு நேரம் இல்லை, போன தடவை வீடியோவில் பார்த்தபோது உன் கன்னத்து எலும்பு தெரிந்தது. நீலப் பையில் இருப்பது வறுத்த கொண்டைக்கடலை, உப்பு குறைவு, அது உனக்கு. மிளகாய்த்தூள் போட்டது மாப்பிள்ளைக்கு. ஆபீஸ் மேஜையில் வைத்துக்கொண்டு சிப்ஸ் கேட்கும் நேரத்தில் ஒரு கை போட்டுக்கொள். மெல்லிய கறுப்புத் தாள் மாதிரி இருப்பது கடற்பாசி, உஸைருக்கு. நான் முதலில் பார்த்தபோது பழைய டைப்ரைட்டருக்கு வைக்கும் கார்பன் பேப்பரையா தின்கிறார்கள் என்று நினைத்தேன், இப்போது அப்பளத்துக்குப் பதிலாக நானே சோற்றோடு கடித்துக்கொள்கிறேன். பேரீச்சம்பழத்துக்குள் வால்நட் வைத்து மூடியது என் கைவேலை, பார்க்க அழகாக இல்லை, மன்னித்துச் சாப்பிடுங்கள். அங்கேயே வாங்க வேண்டியது என்றால் ஃப்ரோசன் எடமாமே, பச்சை சோயாபீன்ஸ்தான், தோல் உரித்தது. கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுத்துக் கடுகு, கறிவேப்பிலை, தேங்காய்ப்பூ தாளித்தால் சுண்டல், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. டப்பா டூனாவில் வெங்காயமும் பச்சை மிளகாயும் மிளகும் போட்டுக் கிளறினால் மீன் புட்டு, நீ லேப்டாப்பை மூடுவதற்குள் ஆகிவிடும். சர்க்கரை போடாத கிரீக் தயிரில் தண்ணீர் ஊற்றி இஞ்சி தட்டிப் போட்டால் நல்ல மோர். காலிஃப்ளவரைத் துருவிவிட்டு அதற்கு அரிசி என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அது மட்டும் சுத்த ஏமாற்று, ஆனாலும் கீமாவோடு கலந்தால் பசிக்கு இறங்குகிறது. நோன்பு வருகிறது, இந்த வருஷம் கஞ்சிக்கு ஸ்டீல் கட் ஓட்ஸும் பாசிப்பருப்பும் சேர்த்துப் பார்த்தேன், இஞ்சி பூண்டு, கொஞ்சம் கொத்துக்கறி, கடைசியில் தேங்காய்ப்பால். விடியுமுன் சஹருக்குச் சாப்பிட்டால் மதியம் வரை வயிறு கேட்காது. இதையெல்லாம் கண்டுபிடித்தது நான் இல்லை என்று உனக்குத் தெரியும். எல்லாம் உன் அம்மா சொன்னது, அப்போது காதில் போட்டுக்கொள்ளாமல் இப்போது ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கிறேன்.

உன் அம்மா கடைக்குப் போனால் நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் நிற்பேன், அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு டப்பாவின் பின்பக்கத்தையும் படிப்பாள். வந்த புதிதில் ஹலாலுக்காகப் படித்தாள், ஜெலட்டின் இருக்கிறதா, பன்றிக் கொழுப்பு இருக்கிறதா என்று. எனக்குச் சர்க்கரை வந்த பிறகு அதற்காகவும் சேர்த்துப் படித்தாள். முன்பக்கம் வியாபாரி பேசுறது, பின்பக்கம்தான் உண்மை பேசும் என்பாள். அப்படி எல்லாவற்றையும் படித்தவள் ஒரு காலையில் காபி டம்ளரை வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள், ஒன்றையும் படிக்காமல் முறுக்கும் மிக்சரும் தின்றவன் இங்கே உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். இதில் என்ன நியாயம் என்று கேட்கக் கூடாது, கேட்கிறேன். போன மாதம் ஒரு டப்பா பீன்ஸ் வாங்கி வந்து, சூடு பண்ணி, தட்டில் போட்டு, பிஸ்மி சொல்லி வாய்க்குக் கொண்டுபோகும்போது பின்னால் இருந்து பின்பக்கத்தைப் படிங்க என்று அவள் குரல் கேட்டது. பிரமைதான். ஆனால் எழுந்து போய்க் குப்பையில் இருந்து டப்பாவை எடுத்துப் படித்தேன், உள்ளே பன்றிக் கொழுப்பு. தட்டோடு தூக்கிப் போட்டுவிட்டு அன்றைக்கு ரொட்டியும் தயிரும் சாப்பிட்டுப் படுத்தேன். அவள் கண்ணாடியை இப்போது அடுப்பு பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கடையில் பில் போடும் இடத்தில் நாம் எல்லோரும் அம்மாவின் போன் நம்பரைத்தான் அடிப்போம், தள்ளுபடிக்கு. நாம் மட்டுமா, இந்தக் காம்ப்ளெக்ஸுக்குப் புதிதாக யார் வந்தாலும் உங்களுக்குக் கார்டு வர்ற வரைக்கும் என் நம்பரைப் போடுங்க என்று அவளே தூக்கிக் கொடுத்துவிடுவாள். இப்போதும் நான் அதைத்தான் அடிக்கிறேன். அடித்ததும் திரையில் வெல்கம் மெஹர் என்று அவள் பேர் வருகிறது. முதல் தடவை அதைப் பார்த்தபோது பின்னால் இருந்தவர் ஆர் யூ ஓகே என்று கேட்கும் வரை அப்படியே நின்றுவிட்டேன். அது பழகிவிட்டது. பழகாதது வேறு ஒன்று. அம்மாவின் போனை மிக்சி பக்கத்தில் சார்ஜரில் போட்டு வைத்திருக்கிறேன் அல்லவா, அதை ஆஃப் பண்ணுங்கத்தா என்று நீ பலமுறை சொல்லியும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ளுஹர் தொழுதுவிட்டு வந்து தட்டு எடுக்கிறேன், போன் வெளிச்சம் போட்டது. இன்று எங்கள் கடையில் வாங்கியதற்கு நன்றி மெஹர் என்று இருந்தது. நான் வீட்டில் நிற்கிறேன். கடைக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறும் அதே நேரத்துக்கு அதே வரி. அதற்கு அடுத்த ஞாயிறும் வந்தது.

எதிர் வீட்டு பஸீலா அம்மாவின் நம்பரைப் போடுவாள் என்று தெரியும், அவளிடம் போய்க் கேட்டேன். அவள் முகம் மாறிவிட்டது. இல்ல அங்கிள், ஆன்ட்டி போன அன்னிக்கே நான் விட்டுட்டேன், ஸ்க்ரீன்ல அவங்க பேரைப் பாக்க முடியல என்றாள். அதற்கு மேல் யாரிடம் கேட்பது. ஆஃபீஃபா, மவுத்தானவர்கள் பலசரக்கு வாங்க வரமாட்டார்கள் என்று மார்க்கம் தெரிந்தவன் நான். அது போக, ரிட்டயர் ஆகும் வரை பார்சிப்பனி ஆபீஸில் கம்ப்யூட்டரோடு மாரடித்தவன், இப்படி நன்றி சொல்லும் வரியை நானே எத்தனை கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எல்லாம் தெரிந்தும் பயந்தேன். பிறகு பயம் போய் வேறு மாதிரி ஆகிவிட்டது, அது பயத்தை விட மோசம். ஞாயிறு வந்தால் காத்திருக்க ஆரம்பித்தேன். காலையில் சமையலறையைத் துடைப்பேன், ஃப்ரிட்ஜில் நடுத்தட்டைக் காலி பண்ணி வைப்பேன். கடைக்குப் போனவள் வந்தால் தயிரும் கீரையும் அடுக்க இடம் வேண்டுமே. வெளிச்சம் வந்ததும் வாய்விட்டு ஸலாம் சொல்லுவேன். யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொன்னால் கவுன்சிலிங்குக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுவாய் என்று தெரியும்.

நான்கைந்து வாரம் முன்னால் ஒரு ஞாயிறு, என் கண்ணாடி மாடியில் இருந்தது, கைக்குக் கிடைத்தது அடுப்பு பக்கத்தில் இருந்த அவள் கண்ணாடி. அதை மாட்டிக்கொண்டு போனைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பெரிய எழுத்தை மட்டும்தான் இத்தனை நாளும் படித்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. நன்றி மெஹர் என்ற வரிக்குக் கீழே பொடியாக இன்னொரு வரி, எந்த ஊர்க் கடை என்று. காப்பெல், டெக்ஸஸ் என்று இருந்தது.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன் மகளே. அங்கே பலகையில் வேறு பெயர், ஆனாலும் ஒரே கம்பெனி, நம்பர் இரண்டு இடத்திலும் ஓடும் என்று நீ காலேஜ் முடித்து அங்கே போன புதிதில் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அம்மாவின் மையத்தை அடக்கிவிட்டு வந்த அன்று நீ ஒரு சொட்டு அழவில்லை. வந்தவர்களுக்குச் சாப்பாடு பார்த்தாய், பாங்க்கில் பேசினாய், என் மாத்திரையைப் பெட்டியில் பிரித்துப் போட்டாய், அலமாரியில் ஓட்ஸும் கடலையும் நிரப்பிவிட்டு விமானம் ஏறினாய். என் மகளுக்கு மனசு கல்லாகிவிட்டது என்று நான் உன் மேல் வருத்தப்பட்டேன், உண்மையைச் சொல்கிறேன். அந்த மகள் வாரா வாரம் கடை வரிசையில் நின்று அம்மாவின் நம்பரை அடித்து, அந்தப் பேரைத் திரையில் பார்த்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள். பழக்கதோஷம்த்தா என்பாய். உன் நம்பரைப் பதிய ஒரு நிமிஷம் ஆகாது, நீ சோம்பேறியும் இல்லை.

தெரிந்த பிறகும் நான் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாய் என்று இருந்தேன். அதற்குப் பிறகு ஞாயிறு வெளிச்சம் வந்தால் அவளுக்கு ஒரு ஸலாம், உனக்கு ஒரு ஸலாம். மகள் கடைக்குப் போயிருக்கிறாள், அப்படியென்றால் வீட்டில் அடுப்பு எரியும், பிள்ளை சாப்பிடுவான் என்று எனக்கும் ரெண்டு தோசை கூட இறங்கும். போன ஞாயிறு வெளிச்சம் வரவில்லை. அசர் ஆயிற்று, மஃரிப் ஆயிற்று, சார்ஜரைப் பிடுங்கி மாற்றிக்கூடப் பார்த்தேன். பொறுக்க முடியாமல் உன்னைக் கூப்பிட்டேன். எல்லாம் ஓகேத்தா, இன்னிக்கு வெளியில ஆர்டர் பண்ணிட்டோம் என்றாய். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பிளான் மாத்தறேன், மாசக் கடைசியில அம்மா லைனை கட் பண்ணிடலாம்த்தா, நீங்க அந்த போனையே பாத்துட்டு உக்காந்திருக்கறது நல்லதில்ல என்றாய். நானும் வாய் இருக்கிறது என்று சரி என்றுவிட்டேன். வைத்த பிறகுதான் புரிந்தது, நீ எனக்காகச் சொல்லவில்லை. அம்மா இல்லாததற்கு உன்னையே நீ பழக்கிக்கொள்கிறாய், அதற்குத்தான் அந்த ஞாயிறு கடைக்குப் போகவில்லை.

அந்தச் சரியை நான் வாபஸ் வாங்குகிறேன். லைனை வெட்டாதே ஆஃபீஃபா. வெட்டினால் போன் கம்பெனிக்காரன் கொஞ்ச நாளில் அந்த நம்பரை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவான். அவர்களும் கடைக்குப் போவார்கள், அவர்களும் பேரைப் பதிவார்கள். ஒரு நாள் நான் தயிரையும் வெங்காயத்தையும் வைத்துக்கொண்டு வரிசையில் நின்று அந்த நம்பரை அடிக்கும்போது யாரோ ஒரு ஜெனிஃபரை வெல்கம் என்று கூப்பிடும். உன் அம்மா இன்னொரு தடவை மவுத்தாவதை அங்கே நின்று பார்க்க என்னால் முடியாது. நீயும் அங்கே தனியாக நின்று பார்க்க வேண்டாம். என்றைக்காவது வெட்டத்தான் வேண்டும் என்றால் பெருநாளுக்கு இங்கே வா, நாம் இரண்டு பேரும் சேர்ந்து கடைக்குப் போய், கடைசியாக ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதுவிட்டு வெட்டலாம். அதுவரை அது இருக்கட்டும். நான் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நல்லதில்லை என்பது வாஸ்தவம்தான், ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவளை மட்டும் இல்லை.

மாப்பிள்ளைக்கு என் ஸலாம் சொல், நேரத்துக்குச் சாப்பிடச் சொல். உஸைர் இங்கிலீஷிலேயே பதில் சொல்லட்டும், பரவாயில்லை, இந்தத் தாத்தாவை நன்னா என்று மட்டும் தமிழில் கூப்பிடுகிறான், அது எனக்குப் போதும். அல்லாஹ் உன் கைக்குப் பரக்கத்தையும் உன் மனசுக்கு ஆறுதலையும் தரட்டும், உன் அம்மாவின் கப்ரை வெளிச்சமாக்கி வைக்கட்டும். எதை வாங்கினாலும் பின்பக்கத்தைப் படித்து வாங்கு. இது உன் கைக்குக் கிடைத்த பிறகு வரும் ஞாயிறு, கடைக்குப் போய் நம்பரைப் போடு. எனக்குப் போன் பண்ண வேண்டாம். ளுஹர் தொழுதுவிட்டு நான் சமையலறையில்தான் இருப்பேன், நடுத்தட்டு காலியாகத்தான் இருக்கிறது.

துஆவுடன்,
உன் அத்தா
நசுருதீன்