பின்சக்கரம் பூட்டிக்கொண்ட வளைவு

அப்பா,

இன்று காலை உங்கள் பேத்தி தன் பைக்கின் கிளட்ச்சைப் பிரித்து, எண்ணெய் சொட்டும் இரும்பு வளையம் ஒன்றை என் கையில் வைத்தாள். அதன் உள்ளே சின்னச் சின்னச் சரிவுகள். "இதுதாம்மா ஸ்லிப்பர் கிளட்ச்" என்றாள். வேகமாகப் போகும்போது கியரைச் சட்டென்று குறைத்தால் எஞ்சின் பின்சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். அப்போது இந்தச் சரிவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கிளட்ச் தட்டுகளைக் கொஞ்சம் விலக்கிவிடுமாம். பிடி தளர்ந்து சக்கரம் உருண்டுகொண்டே இருக்குமாம்.

எண்பதுகளில் நம் வண்டியில் அது ஏது?

மாநில வாலிபால் அணித் தேர்வுக்கு என்னைப் பின்னால் உட்கார வைத்து மலைப்பாதை வழியே சேலத்துக்கு இறங்கினீர்கள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி சாலையை அடைத்துக்கொண்டு ஏறி வந்தது. நாலாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கிக் கிளட்ச்சை விட்டீர்கள். பின்சக்கரம் கிறீச்சிட்டுப் பக்கவாட்டில் போனது. உங்களுக்குச் சிராய்ப்புதான். வண்டி என் முழங்காலின் மேல் விழுந்தது.

நடக்கலாம், எகிறிக் குதிக்க முடியாது என்றார் டாக்டர். நீங்கள் வண்டியை விற்றுவிட்டீர்கள். அதன்பிறகு எங்கே போனாலும் பஸ்தான்.

"லாரிக்காரன் ஒதுங்கலீங்களேப்பா, நீங்க என்னங்க பண்ணுவீங்க?" என்று எத்தனையோ முறை சொன்னேன்.

"இல்ல சாமி. கிளட்ச்ச மெதுவா உட்டிருக்கோணும். எங் கை அவசரப்பட்டுப் போச்சு."

மெதுவாக விட்டிருந்தால் தப்பியிருப்போம் என்பது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் பயந்த கை யாருடையதாக இருந்தாலும் அப்படித்தான் அவசரப்படும் என்று தெரிந்துதானே அப்பா, யாரோ உட்கார்ந்து இந்த வளையத்தைச் செய்திருக்கிறார்கள்? நீங்கள் உயிரோடு இருந்தபோது இதை உங்களிடம் சொல்ல முடியாமல் போயிற்றே.

நான் பள்ளியில் விளையாட்டு டீச்சரான பிறகு, நீங்கள் ஒரே ஒரு முறை மைதானத்துக்கு வந்தீர்கள். மாணவிகள் வாலிபால் ஆடுவதைப் பார்த்தபடி கம்பிவேலிக்கு வெளியிலேயே நின்றீர்கள்.

"உள்ள வாங்கப்பா."

"வேண்டாங் கண்ணு. அந்தப் புள்ள எகிறி அடிக்கறப்போ நொம்ப நல்லா இருக்குது. நீயும் இப்படித்தான..."

முடிக்காமல் திரும்பி பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தீர்கள். நீங்கள் முடிக்காத அந்த வார்த்தை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.