நடுவில் ஐந்து முடிச்சு

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, காலை 6.20.
பயிற்சிக்கு வந்திருப்பவர்கள் பதினொரு பேர். வர வேண்டியவர்கள் பதின்மூன்று.

அன்புள்ள மேரிம் அண்ணிக்கு, ஜோமார்ட் வணக்கத்துடன் எழுதுவது.

தாலாஸில் நீங்களும் குழந்தை பெகிமாயும் சுகம் என்று நம்புகிறேன். பீன்ஸ் விதைப்புக்கு நிலம் உழ ஆரம்பித்திருப்பார்கள். உங்கள் அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்கலாம்தான், நீங்கள் எடுப்பதில்லை. அதனால் கடிதம். குறையாகச் சொல்லவில்லை, காரணத்தைச் சொன்னேன்.

அல்மாட்டிக்கு மேலே ஒரு மலை நிலையத்தில் இருக்கிறேன். பனியாற்று ஆய்வாளர் சங்கம் இளையவர்களுக்கு நடத்தும் ஒரு வாரப் பயிற்சி. போன ஜூனில், நரினில் உங்கள் சமையலறையில் வைத்து, நீங்கள்தான் நம் மூன்று பேருக்கும் விண்ணப்பம் நிரப்பினீர்கள். "இந்தச் சங்கத்துல சேந்தா என்ன கிடைக்கும்? நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு மொய் வைப்பாங்களா?" என்று சிய்மிக் அண்ணன் கேட்டார். "உங்க ரெண்டு பேரையும் விட்டா வேற மனுஷ மூஞ்சியப் பாக்கலாம்ல, அது போதும் எனக்கு" என்றீர்கள். மாணவர்களுக்கும் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கும் கட்டணம் இல்லை என்று தெரிந்ததும், "அப்ப நம்ம ஆட்டையும் சேத்து எழுது" என்றார்.

மூவருக்கும் இடம் கிடைத்த தகவல் அக்டோபரில் வந்தது. அண்ணன் ஆகஸ்டிலேயே போய்விட்டார்.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இங்கே மற்றவர்கள் சிரிக்கும்போது எதற்கு என்று தெரிகிறது, சிரிப்பு மட்டும் வருவதில்லை. துஷான்பேயிலிருந்து பர்வோனா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். முதல் நாளே, "என்னப்பா கிர்கிஸ்காரா, வெட்டப்போற ஆடு மாதிரி நிக்கிற? சூப்ப ஆறவிடாத" என்றாள். அவள் ஊரிலும் பனியாறு அளப்பவர்கள் இரண்டே பேர்தானாம். உருகலை அளக்கப் பனியில் கழி நட்ட துளையில் தண்ணீர் உறைந்து கழி மேலே எழும்புவதைப் பற்றி அவளோடு இரண்டு மணி நேரம் பேசினேன். வேறு யாரிடம் அதைப் பேசுவது?

சங்கம் ஒவ்வொரு இளைஞருக்கும் அனுபவமுள்ள ஒருவரைத் துணை சேர்த்துவிடுகிறது. எனக்கு வாய்த்தவர் ஆஸ்திரியாவில் இருக்கும் ஓர் அம்மாள். என் அளவுகளை வரி வரியாகப் படித்துவிட்டு, போன ஆகஸ்டில் எட்டாம் கழியிலிருந்து ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டு எழுதினார். 'ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே அளப்பவர் இறந்துவிட்டார்' என்று பதில் போட்டேன். காலி இடத்தைக் கணக்குப் போட்டு நிரப்பாதே, காரணத்தை அப்படியே எழுதி வை என்றார். நம் நிலையத்தில் நிரப்பச் சொன்னார்கள். நான் நிரப்பவில்லை.

இனி, எழுத வந்த விஷயம்.

அண்ணனின் நாற்பதாம் நாள் சாப்பாட்டில், போர்சோக் பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டீர்கள்: "உன்னால பிடிச்சிருக்க முடியாதா, ஜோமார்ட்?" பனிப்பிளவில் அவர் விழுந்தபோது கயிற்றின் மறுமுனையில் இருந்தவன் நான். முடியாது என்றேன். அவர் எடை எழுபத்தெட்டு, என் எடை அறுபத்தொன்று, கெட்டிப் பனி என்று கணக்கும் சொன்னேன். நீங்கள் தட்டை வைத்துவிட்டுப் போனீர்கள். அதன் பிறகு நாம் பேசவில்லை.

நேற்று கயிறு வகுப்பு. சொல்லிக்கொடுப்பவர் செரிக்பாய், தொண்ணூறு கிலோ, வாய் ஓயாத ஆள். பிளவின் விளிம்பில் நின்றுகொண்டு, "நான் குதிக்கிறேன், நீ பிடி. செத்தா என் பொண்டாட்டிகிட்ட நீயே போய்ச் சொல்லு" என்றார். அவருக்குத் தெரியாது. அவர் இடுப்பில் இன்னொரு காப்புக் கயிறும் இருந்தது.

குதித்தார். கயிறு என்னை இழுத்துக்கொண்டு போனது. கோடாலியை ஊன்றினேன், நிற்கவில்லை. அந்த இழுப்பு எனக்குப் பழக்கமானது. காப்புக் கயிறுதான் நிறுத்தியது.

மேலே ஏறி வந்தவர், "ரெண்டே பேரு போனா கயிறு இப்படி மொழுமொழுன்னு இருக்கக் கூடாதுடா தம்பி" என்று எங்கள் இருவருக்கும் நடுவே கயிற்றில் ஐந்து முடிச்சுகள் போட்டார். பெரிய முடிச்சுகள், ஒவ்வொன்றும் முஷ்டி அளவு. மறுபடி குதித்தார். நான் இரண்டு எட்டு இழுபட்டேன். ஒரு முடிச்சு விளிம்புப் பனியைக் கடித்துக்கொண்டு மாட்டியது. கயிறு நின்றது. என் கையில் பாரமே இல்லை.

தொண்ணூறு கிலோ, அண்ணி.

எல்லாரும் கை தட்டினார்கள். நான் பனியில் உட்கார்ந்திருந்தேன். பர்வோனா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "யாரு?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். என் கையுறையில் அப்பியிருந்த பனியைத் தட்டிவிட்டாள்.

பனி கெட்டியாக இருந்தால் முடிச்சு கடிக்காமலும் போகும் என்று செரிக்பாய் பிறகு சொன்னார். அண்ணன் விழுந்த அன்று மேலே புதுப்பனி முழங்கால் ஆழம் இருந்தது. கீழேதான் கெட்டி. உங்களுக்குக் கணக்குச் சொன்னபோது புதுப்பனியை நான் சேர்க்கவே இல்லை. ஆகையால் உங்கள் கேள்விக்கு என் பதில் தவறு. சரியான பதில் இது: பிடித்திருக்கலாம். அவர் பிளவுக்குள் கீழே இருந்த அந்தப் பனி மேடை வரைக்கும் விழாமல் இருந்திருக்கலாம். முடிச்சுப் போட வேண்டும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சொல்லித்தரும் ஆட்கள் இருந்தார்கள். நமக்கு அவர்களைத் தெரிந்திருக்கவில்லை. நீங்கள்தான் தேடிக் கண்டுபிடித்தீர்கள், அவர் போவதற்கு இரண்டு மாதம் முன்னால்.

இதை எழுதாமல் விட்டிருந்தால் உங்களுக்கு நிம்மதியோ என்னவோ. காலி இடத்தை நிரப்பி அனுப்ப எனக்கு வரவில்லை.

சங்கத்தின் பட்டியலில் நம் நாட்டுக்கு நேராக இப்போது இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஒன்று உங்களுடையது. எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். அதை அண்ணிதான் சொல்ல வேண்டும் என்றேன். சொல்லாதீர்கள், அண்ணி.

குழந்தை நீண்ட ஆயுளோடு, அப்பாவின் உயரத்தோடு வளரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தன் ஜோமார்ட்

இனி நான் செய்யப்போவது:

1. ஊர் திரும்பும்வரை தினமும் கையுறையோடு முடிச்சுப் போட்டுப் பழகுவேன். இப்போது கோணலாக வருகிறது.
2. நரின் நிலையத்தில், இந்தப் பயிற்சி இல்லாத யாரையும் மேலே அனுப்ப விடமாட்டேன். கத்துவார்கள். கத்தட்டும்.
3. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நான்கு பேரைச் சங்கத்தில் சேர்ப்பேன். ஆட்டை அல்ல.
4. மே மாதம் தாலாஸ் வருவேன். அதே கேள்வியை என் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். கதவைத் திறந்தால் போதும், டீகூட வேண்டாம்.
5. ஆகஸ்டில் ஏழாம் கழியிலிருந்து எட்டாம் கழிக்கு நடப்பேன். கயிற்றில் மூன்று பேர் கட்டிக்கொள்ள இடம் விட்டுவைப்பேன்.