பெயர் நீக்கிய படத்தில் ஒரு விலா எலும்பு

அன்பான ஸ்டெல்லா அக்காவுக்கு,

இன்று என் கணினிக்கு வந்த, பெயர் நீக்கிய அந்த ஸ்கேன் உன்னுடையதுதானா?

என் வேலை உனக்குத் தெரியும். நுரையீரல் ஸ்கேன் படங்களை அடுக்கு அடுக்காகத் திறந்து, கட்டி இருக்கும் இடத்தைச் சுற்றி மவுசால் கோடு இழுப்பது. அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் ஆராய்ச்சிக்கான கணினி கற்றுக்கொள்கிறது. ஒரே படத்தில் நானும் கருங்கல் ஊரிலிருந்து வேலைக்கு வரும் ஷீபாவும் தனித்தனியாகக் குறிப்போம். ஒத்துவராவிட்டால் டாக்டர் பார்ப்பார். படங்கள் நம் மாவட்டத்து மருத்துவமனைகளிலிருந்தும் வருகின்றன. பெயரோ ஊரோ இருக்காது, எண் மட்டும்தான்.

இன்றைய படத்தில் இடப்பக்க விலா எலும்பு ஒன்று முறிந்து, உள்நோக்கி வளைந்து கூடியிருந்தது. சிதறால் மலைப் பாறையில் சறுக்கி விழுந்து, எலும்பு கட்டும் ஆசான் எண்ணெய் போட்டுக் கட்டியும் நேராகாத உன் எலும்பைப் போல. அப்படிக் கூடிய எலும்பு இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேருக்கு இருக்கும். அடுக்குகளை வேகமாக நகர்த்தியபோது அந்த நெஞ்சு மூச்சுவிடுவதுபோல் தெரிந்தது. படம் மாறுவதால் வரும் தோற்றம்தான். ஆனாலும் நிறுத்திவிட்டேன்.

ஸ்கேன் எடுத்த அன்று ஃபிலிம் உறையோடு நேராக என் வீட்டுக்கு வந்தாய். ரிப்போர்ட் இரண்டு நாள் கழித்துத்தான் என்றிருந்தார்கள்.

"ஏட்டி, நீ நாள் முழுக்க இதத்தான பாக்குத. பாத்துச் சொல்லு."

நான் டாக்டர் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். "ஒண்ணும் இல்லக்கா."

"பின்ன ரிப்போர்ட் எதுக்கு? அங்க போயி காத்துக் கெடக்குற நேரத்துக்கு ஒரு சக்கப்பழத்த வெட்டிரலாம்" என்று சிரித்தாய்.

நீ அதை வாங்கப் போகவே இல்லை. எட்டு மாதம் கழித்து, இருமலில் ரத்தம் கண்ட பிறகுதான் மறுபடி மருத்துவமனைக்குப் போனாய். என் சொல்லை நம்பித்தான் இருந்தாயா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீயும் கண்மூடும்வரை அதைப் பற்றிப் பேசவில்லை.

இன்று, அந்த வளைந்த எலும்புக்குச் சற்று மேலே, மிளகளவில் ஒரு வெண்புள்ளி. ஷீபாவும் இதைக் குறிக்காமல் விட்டிருந்தால், நான் விட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை. அன்று நான் சொன்னதும் சரி என்றாகிவிடும். கோடு இழுத்தேன். இரண்டு முறை அழித்து மறுபடி இழுத்தேன்.

எண்களுக்குரிய பெயர்ப்பட்டியல் வேறொருவர் பொறுப்பில் இருக்கிறது. அதைத் தேடிப் போகமாட்டேன். ஆனால் இனி யார் ஃபிலிமைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், "எனக்குத் தெரியாது, வா, ரிப்போர்ட் வாங்கப் போவோம்" என்று சொல்லிக் கூடவே கிளம்புவேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

இவ்வளவும் எழுதி வைத்திருந்தேன். மறுநாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஷீபா எதையும் குறித்திருக்கவில்லை.

"அக்கா, இங்க என்னத்துக்குக் கோடு போட்டிருக்கிய? ரத்தக்குழாய் மாதிரில்லா இருக்கு."

டாக்டர் அடுக்குகளை மேலும் கீழும் நகர்த்தினார். ரத்தக்குழாய் என்றால் அடுத்தடுத்த அடுக்குகளிலும் தொடர வேண்டும். அந்தப் புள்ளி அங்கேயே தொடங்கி அங்கேயே முடிந்தது. "கோடு இருக்கட்டும்" என்றார்.

"ஒரு தடவ பாத்தா ஆருக்கும் தெரியாது" என்றாள் ஷீபா.

அன்று உன் ஃபிலிமை நான் ஒரு தடவைதான் பார்த்தேன், அக்கா.

உன் தங்கச்சி,
லீலா