எட்டு மணிக்கு அடித்த மணி

எங்கள் வேதக்கோயிலுக்கு வெள்ளையடிக்கச் சாமான் அறையை ஒதுக்கியபோது பழைய மணிக்கயிறு கிடைத்தது. சபைக் கமிட்டியின் இப்போதைய செயலாளர் ஒரு பெண். நெய்யாற்றின்கரை கோர்ட்டில் வக்கீல். அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, “இதக் களையட்டா சாறே?” என்று கேட்டாள். கயிற்றின் நுனியில் ஒரு முழத்துக்கு வேட்டித் துணி சுற்றியிருந்தது. தேங்காயெண்ணெய்யும் வியர்வையும் ஊறிக் கறுத்துப்போன துணி. கயிறு உள்ளங்கையை வெட்டாமல் இருக்க அந்த நாளில் நீர் உம் கையால் சுற்றியது.

அந்தக் காலத்தில் உம்மை நான் ‘எலே’ என்றுதான் கூப்பிட்டேன். நீர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார், கமிட்டிச் செயலாளர். நீர் மூன்று முறை ஜெயிலுக்குப் போய்வந்த தேங்காய்க் கள்ளன். கள்ளனுக்கு என்ன மரியாதை என்று நினைத்தேன். இந்த மடலிலாவது ‘நீர்’ என்று எழுதிக்கொள்கிறேன்.

மூன்றாம் முறை நீர் வெளியே வந்ததும் ஏட்டு என்னைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கே வந்தது நினைவிருக்கிறது. அவர் கள்ளிக்காட்டுப் பக்கத்து மலையாளி. “எனக்கு மடுத்து அலுத்துப் போச்சு சாறே. பிடிக்கேன், விடுகாங்க, பின்னையும் பிடிக்கேன். இது போலீசு வேலையா, கோழி வளக்குற வேலையா?” என்றார். ஜெயிலிலிருந்து வந்தவன் வீட்டில் இருக்கிறானா என்று போலீசார் நடுச்சாமத்தில் கதவைத் தட்டிப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது அன்றைய வழக்கம். ஊரே விழித்துக்கொள்ளும். விடிந்தால் உமக்கு யாரும் வேலை தரமாட்டார்கள். வேலை இல்லையென்றால் பிறகு தென்னைமரம்தானே?

அப்படித்தான் அந்த ஏற்பாடு வந்தது. எதையும் எழுதி வைக்கவில்லை, வாய்ப்பேச்சுதான். உம்மிடம் அதிகம் பறிகொடுத்த கொல்லயில் ஊரின் தென்னந்தோட்டக்காரரே தேங்காய் வெட்டும் வேலையை உமக்குத் தந்தார். “எப்பிடியும் ஏறத்தான் போறான். பகல்ல ஏறட்டு” என்றார். கோயில் மணி அடிக்கிற வேலையைச் சபை தந்தது. ராத்திரி எட்டுக்கும் விடியக்காலம் நாலுக்கும் மணி கேட்டால் நீர் ஊரில் உண்டு என்று அர்த்தம். ஏட்டு கதவைத் தட்டமாட்டார். எட்டுக்கும் நாலுக்கும் நடுவில் என்ன செய்வான் என்று தோட்டக்காரர் கேட்டதற்கு நீரே, “அப்ப நடுச்சாமத்துக்கும் ஒண்ணு அடிக்கேன்” என்றீர். ஒரு மாதம் அடித்தீர். பிள்ளை பெற்ற வீடுகளெல்லாம் சண்டைக்கு வந்த பிறகுதான் நிறுத்தினோம். அதற்குள் ஊருக்கு உம்மேல் நம்பிக்கை வந்திருந்தது.

நாலு வருடம். உம் பேரில் ஒரு களவு சொல்ல ஆளில்லை. உம் மகள் என் வகுப்பில் படித்தாள். கள்ளன் மகள் என்று அவளைச் சொன்ன பயலை நான் அடித்தபோது, “அடிக்காதீங்க சாறே, அது நேத்து வரைக்கும் நெசந்தானே” என்று தடுத்தது நீர்.

பிறகு எல்லைப் போராட்டம் சூடுபிடித்தது. அன்று மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று பாறசாலையிலிருந்து தெற்கே ஊர் ஊராகக் கூட்டம், ஊர்வலம், தடியடி. வெளியிலிருந்து புதுப் போலீசார் வந்திறங்கினார்கள். தமிழர்களோடு பழக்கம் அதிகம் என்று நம் ஏட்டை ஒரே நாளில் எங்கேயோ மாற்றிவிட்டார்கள். அடுத்த நாள் சந்தையில் உத்தரவு ஒட்டினார்கள். ஐந்து பேர் கூடக் கூடாது. சங்கு, முரசு, மணி ஒன்றும் ஒலிக்கக் கூடாது.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் நீர் என் வீட்டு முற்றத்தில் வந்து நின்றீர். நான் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

“சாறே, எட்டு மணிக்கு அடிக்கணுமா, வேண்டாமா?”

“ஏம்லே?”

“அடிச்சா உத்தரவ மீறினதாவும். அடிக்காம இருந்து ராத்திரி ஒரு எடத்துல தேங்கா போச்சுதுண்ணா, அது என் தலையில வரும்.”

அந்தக் கேள்விக்கு நான் எழுந்து கைகழுவிவிட்டுப் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். உத்தரவு ஜெப மணிக்குத்தான், இது போலீசே ஏற்பாடு செய்த மணி என்று நினைத்தேன். ஏற்பாடு செய்தவர் போய்விட்டார், வந்தவருக்கு ஒன்றும் தெரியாது என்பது என் புத்தியில் ஏறவில்லை. வாயில் சோற்றோடு, “அது ஏட்டுக்கு வேண்டி அடிக்கிற மணியாக்கும். நீ போய் அடிலே” என்றேன். நீர் தலையாட்டிவிட்டுப் போனீர்.

எட்டு மணிக்கு மணி கேட்டது. மூன்று அடி விழுந்தது. நாலாவது கேட்கவில்லை.

காலையில் போதகரும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். உமது உதடு கிழிந்திருந்தது. கயிறு பிடிக்கிற வலக்கையில் இரண்டு விரல்கள் வளைந்து தொங்கின. “போலீசுக்கு வேண்டி அடிச்ச மணியாக்கும்” என்று நீர் சொன்னதைக் கிண்டல் என்று எடுத்து இன்னும் அடித்திருக்கிறார்கள். போராட்டக்காரர்களைக் கூட்டத்தான் மணி என்பது அவர்கள் முடிவு. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, “கமிட்டி சொல்லியா இவன் அடித்தான்?” என்று கேட்டார்.

“கமிட்டியில் அப்படி ஒரு தீர்மானம் கிடையாது” என்றேன்.

பொய் இல்லை. தீர்மானப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி இல்லைதான். எனக்கு வேலை போய்விடும், என்னையும் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று பயம். நீர் என்னையே பார்த்தீர். பிறகு இன்ஸ்பெக்டரிடம், “ஆரும் சொல்லல்ல. நானா அடிச்சதாக்கும்” என்றீர்.

நாங்கள் திரும்பும்போது கம்பிக்குள்ளிருந்து கூப்பிட்டீர். “சாறே, ராத்திரி ஊருல ஒண்ணும் களவு போகல்லியே?”

இல்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வழியில் போதகர் என்னைத் தேற்றினார். தலை உம்முடையது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பழைய மூன்று தண்டனையும் சேர்ந்து இந்தத் தண்டனையை நீட்டின. தோட்டக்காரர் இனி உம்மை வேலைக்கு வேண்டாம் என்றார். ஜெயிலிலிருந்து வரவிருந்த இன்னும் இரண்டு பேருக்கு ஓட்டுச் சூளையில் வேலை பேசி வைத்திருந்தோம். அதையும் விட்டோம். அந்த இரண்டு பேரும் வருடம் திரும்புமுன் மறுபடி உள்ளே போனார்கள்.

நீர் வெளியே வந்தபோது எல்லை முடிவாகியிருந்தது. தெற்கே உள்ளவர்கள் தமிழ்நாட்டுக்குப் போனார்கள், நாம் கேரளத்தில் நின்றுவிட்டோம். நடுச்சாமத்தில் உமது கதவை மறுபடியும் தட்டத் தொடங்கினார்கள். தட்டுகிற சத்தம் என் வீட்டுக்கே கேட்கும். மணி அடிக்க வாரும் என்று உம்மைக் கூப்பிட நான் வரவில்லை. வழியில் கண்டால் நீர் ஒதுங்கி நின்று, “சொகந்தானா சாறே” என்பீர். மூன்றாம் மாதம் பக்கத்தில் செங்கல் என்ற ஊரில் ஒரு வீட்டில் வெண்கல உருளி போயிற்று. இந்த முறை எடுத்தது நீர்தான். மறுக்கவும் இல்லை.

ஜெயிலில் நெஞ்சுநோய் கண்டு நீர் போய்விட்டீர் என்ற தகவல் மலையாளத்தில் ஒரு தாளாக வந்தது. உம் மனைவிக்கு வாசிக்கத் தெரியாது. நேரே என்னிடம்தான் கொண்டுவந்தாள். நான்தான் வாசித்துச் சொன்னேன். முற்றத்தில் நீர் நின்ற அதே இடத்தில் நின்றுதான் அவள் கேட்டாள்.

இன்றைக்கும் எட்டு மணிக்கு என் கை சோற்றில் நின்றுவிடும். இப்போது ஒலிபெருக்கியில் மணி அடிக்கிறது. மூன்றாவது அடி முடிந்து நாலாவது விழும் வரை எனக்கு இறங்காது.

கயிற்றைக் களைய வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன். ஏன் என்று அந்த வக்கீல் பெண் கேட்டாள். இத்தனை வருடத்தில் ஒருவரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன்: இந்த மணியை அடிக்கச் சொன்னது நான். நின்றபடியே முழுவதும் கேட்டாள். பிறகு, எனக்கு நோகாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, மெதுவாகச் சொன்னாள்.

“அண்ணைக்கு இந்த ஒரு வார்த்த நீங்க சொல்லியிருந்தா, அந்தக் கேசே நிக்காது சாறே.”

“தெரியும் மக்கா” என்றேன்.