மாமியாரின் ஒன்பது கஜமும் பாச்சை உருண்டையும்

ஐப்பசி, வளர்பிறை ஏகாதசி. வியாழன்.

மகள் வயிற்றுப் பேரன், பிறந்த பத்தாம் நாள் காமாலையில் மஞ்சள் பூத்து, ரத்தம் ஏற்றித்தான் பிழைத்தான். "எல்லாம் உன் பொறந்தாத்து ரத்தம்டி" என்று நாத்தனார் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சொன்னாள். பிறந்ததும் குழந்தையைச் சுற்ற மாமியாரின் பழைய ஒன்பது கஜப் புடவையைப் பெட்டியிலிருந்து கிழித்துக் கொடுத்தவளும் அவள்தான். பாச்சை உருண்டை நெடி மூக்கைத் துளைத்தது.

இன்று தில்லைநகர் டாக்டரிடம் எங்கள் இருவரின் ரத்த ரிப்போர்ட்டை வாங்கினோம். என் ரத்தத்தில் ஒன்றுமில்லை. சிவப்பணுவைக் காக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் இவர் உடம்பில்தான் சரியாக உண்டாவதில்லை. அந்த மரபணு அப்பாவிடமிருந்து மகளுக்குத் தப்பாமல் போகுமாம். அவள் வழியாகப் பேரனுக்கு வந்திருக்கிறது. பாச்சை உருண்டை நெடிகூட இந்தக் குறை உள்ளவர்களுக்கு விஷமாம்.

"இவருக்கு எங்கேருந்து வந்தது, டாக்டர்?" தெரிந்தேதான் கேட்டேன்.

"அவங்க அம்மாகிட்டேருந்துதாம்மா."

நாத்தனாருக்கும் அதே அம்மாதானே. அவள் வழியாக அவள் பெண்ணுக்கும் வந்திருக்கலாம்.

அவள் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை சீமந்தம். பிறக்கிற குழந்தையைச் சுற்ற அதே பெட்டியிலிருந்து துணி எடுத்து வைத்திருக்கிறாளாம். போனிலேயே சொல்லலாம். மாட்டேன். சம்பந்திகள் எதிரில் ரிப்போர்ட்டைச் சத்தமாக வாசிப்பேன். அந்தத் துணியை அவள் கையாலேயே குப்பையில் போட வைப்பேன்.

ரங்கா, பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒன்றும் ஆகக்கூடாது. அவள் முகம் மட்டும் செத்துப்போகணும்.