கையைத் தூக்கினால்

பூந்தமல்லி
5.8.2024

அன்பு மாமே தங்கவேலுக்கு,

உஸ்மான் கனி எழுதுகிறேன். நானே, என் கையால். முதியோர் வகுப்பில் அகல்யா டீச்சர், இனி கடிதமே எழுதலாம் என்று சொல்லிவிட்டார். காலையில் தொடங்கினேன், சாயங்கால அசர் தொழுகை முடிந்துதான் இந்த வரிக்கு வந்திருக்கிறேன். சந்தோஷம் தாங்கவில்லை.

போனில் ஆஸ்பத்திரி என்றாலே வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

உனக்குள்ள படபடப்புதான் எனக்கும். உன் ஈசிஜி பார்த்த அதே டாக்டர் ரகுநாதன், மூக்கு வழியாக மெல்லிய ஒயர் விட்டார். தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி விழுங்கினேன். உணவுக்குழாய் இதயத்தின் முதுகை ஒட்டிப் போகிறதாம். அங்கிருந்து மின்சாரத்தால் தட்டித் தட்டி, தறிகெட்டு ஓடும் இதயத்தையே முந்தி, அந்த ஓட்டத்தைச் சட்டென நிறுத்தினார். மிளகாய் அரைத்துப் பூசியது போல் எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் ஒரே அமைதி.

நர்ஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். "ஓடிகினு இருந்த மிஷின ஆஃப் பண்ணா மாரி கீதும்மா" என்றேன். "ஆஃப் பண்ணல தாத்தா, இப்பதான் ஒழுங்கா ஓடுது" என்று சிரித்தாள்.

உனக்கும் இது போதும் என்கிறார் டாக்டர். தள்ளிப்போட்டால் ரத்தம் உறைந்து மூளைக்குப் போகலாம் என்கிறார். வா.

உனக்காக துஆ செய்யும்
உஸ்மான் கனி

பருத்திப்பட்டு
12.8.2024

உஸ்மானுக்கு,

உன் எழுத்தெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்களைப் போல் சாய்ந்திருக்கிறது. இருந்தாலும் எல்லாம் புரிந்தது. மருமகளிடமும் காட்டினேன்.

என் வீட்டுக்காரி கண்ணம்மாவுக்கும் கடைசியில் மூக்கில்தான் குழாய் போட்டார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்று கையைத் தூக்கினாள். "ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டே அந்தக் கையைப் பிடித்து அமுக்கினார்கள்.

என்னை விட்டுவிடு.

தங்கவேல்

பூந்தமல்லி
17.8.2024

அன்பு மாமே,

உன் கடிதத்தை யார் உதவியும் இல்லாமல் படித்தேன். அதை வேறு யாரும் படிக்காதது நல்லது.

படித்ததும் நேராக டாக்டரிடம் போனேன். "அவன் கையத் தூக்கினா நிறுத்துவீங்களா சார்?" என்று கேட்டேன்.

"நிறுத்திடுவேன். எடுக்கச் சொன்னா எடுத்துடுவேன்."

"கைய யாரும் புடிக்கக் கூடாது."

"நீங்களே பக்கத்துல நின்னு பாத்துக்குங்க" என்றார்.

வியாழக்கிழமை காலை, வெறும் வயிற்றில் வர வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். நீ வராவிட்டால் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். கோபப்பட மாட்டேன்.

உன்
உஸ்மான்

பருத்திப்பட்டு
26.8.2024

அன்புள்ள உஸ்மான்,

பக்கத்திலேயே நின்றவனுக்கு நடந்ததை எழுதுவது வேடிக்கைதான். ஆனால் ஒன்று உனக்குத் தெரியாது.

ஒயர் தொண்டையில் இறங்கும்போது கையைத் தூக்கினேனே, அது வலியால் அல்ல. நிறுத்துகிறார்களா என்று பார்க்கத்தான். எல்லோர் கையும் அப்படியே நின்றது. என்னை யாரும் தொடவில்லை. டாக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு நானாகத்தான் கையை இறக்கினேன்.

நேற்று ஏரிக்கரையில் நடந்தேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்கவில்லை, பயப்படாதே. கண்ணம்மாவுக்காக அழ வேண்டியிருந்தது. அழுது முடிக்கும்வரை நெஞ்சு ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது.

தங்கவேல்