ஆசிரியரைக் கேட்டுச் சொல்லவும்

என் மிளகுக்குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், நீ இருக்குமிடத்தில் காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நீ கண்மூடி ஏழு மாதம் ஆகிறது. தபால்காரர் எடுத்துப் போகாத கடிதம் என்று தெரியும், இருந்தாலும் இந்தச் சங்கதியை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. உன்னோடு அறையில் தங்கியிருந்த கண்ணாடிக்காரப் பெண் உன் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். பதினோரு கதை. நான் விரலை வைத்து எழுத்துக் கூட்டித்தானே படிப்பேன், ஒரு மாதம் பிடித்தது. அந்தக் குழாய் சொட்டுவதைக்கூட எழுதி வைத்திருக்கிறாய். படித்துவிட்டுப் போய்க் குழாயடியில் நின்றேன், இத்தனை வருஷம் இருந்த சத்தம் அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

புத்தகமாகப் போடவேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். முதலில் ஒரு பெரிய பதிப்பகத்துக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த அறை. அங்கிருந்த மேலாளர், அற்புதமான எழுத்துங்க, படிச்சுட்டு அழுதுட்டேன் என்றார். செலவு நம்முடையது, அடித்த புத்தகத்தையும் நாமே வாங்கிக்கொள்ள வேண்டுமாம், அவர்கள் மேடை போட்டுப் படம் பிடித்துக் கொடுப்பார்களாம். அப்பா கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார். எனக்கு என்ன தோன்றியதோ, கடைசிக் கதையில வர்ற பொம்பளை பேரு எப்படிங்க இருக்கு என்று கேட்டேன். ரொம்பப் பொருத்தமான பேருங்க, அதை மட்டும் மாத்திடாதீங்க என்றார். உன் கதைகளில் யாருக்குமே பேர் கிடையாதே. அப்பா பேனாவை மூடிக்கொண்டார். வழியெல்லாம், உன்னைப் படிக்காதவள்னு எவன் சொன்னது என்று ஒரே சிரிப்பு. நீ போன பிறகு அவர் சிரித்தது அன்றுதான். பிறகு கண்ணாடிக்காரி, நகலெடுக்கும் கடை வைத்திருக்கும் ஒரு அக்காவிடம் கூட்டிப் போனாள். இது நாமே போட்டுக்கொள்ளும் புத்தகமாம். பீரோ அளவுக்கு ஒரு மெஷின், யாராவது கேட்டால் ஒரே ஒரு பிரதி அடித்துக் கொடுக்கும். யாரும் கேட்காதப்ப புத்தகம் எங்கே இருக்கும் என்று கேட்டேன். எங்கயும் இருக்காதும்மா, ஆனா எத்தனை வருஷம் கழிச்சுக் கேட்டாலும் வரும் என்றாள். எங்கும் இல்லாதது கேட்டால் வருமா என்று மெஷின்மேல் கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, கையை எடுக்க மனசு வரவில்லை.

அந்த அக்கா ஒரு வரி விடாமல் படித்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், பிழையா, ஆசிரியரைக் கேட்டுச் சொல்லவும் என்று எழுதி அனுப்பினாள். நான் வேறு யாரை நினைப்பேன், தாளை எடுத்துக்கொண்டு உன் மூன்றாம் வகுப்பு டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, அட போம்மா, இங்க ஆசிரியர்னா எழுதினவங்க, உன் பொண்ணு என்றார். ல, ள தெரியாமல் அவரிடம் குட்டு வாங்கின நீயா ஆசிரியர். உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றுவிட்டேன், யாருக்காக எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வீட்டை விட்டுப் போனவள் திரும்பி வரும் கதை அது. கடைசி வரியில், அம்மா கதவைத் திறந்து வைத்தால் என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்திருக்கிறாய். பெரிய ள என்றால் அம்மா திறந்துவிட்டாள், கதை முடிந்தது. சின்ன ல என்றால் மகள் இன்னும் வெளியே நிற்கிறாள். டீச்சராலும் சொல்ல முடியவில்லை, ரெண்டையும் மாத்தி மாத்தித்தானே எழுதுவா என்றார். வேலையை விட்டுவிட்டு எழுதப் போகிறேன் என்று நீ கிளம்பின அன்று, படி தாண்டினா இந்தக் கதவு திறக்காது என்று சொன்னவள் நான். அப்பா பெரிய ள போடு என்கிறார். இருக்கட்டும்மா, எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம் என்கிறாள் அக்கா. நீ எழுதினபடியே விட்டிருக்கிறேன்.

எங்கிருந்தாலும் நன்றாயிரு. ஈரத் தலையோடு படுக்காதே, எத்தனை தடவை சொல்லியாயிற்று. நம் கதவுக்கு இப்போது தாழ் போடுவதில்லை.

இப்படிக்கு,
ஆசிரியரின் அம்மா

கண்ணு, நீ எழுதினது சின்ன லவா, பெரிய ளவா?